ழகரத்துக்கு இடமில்லாத பலகை

விசைப்பலகை நகர்ந்து வெளிவரும் கைபேசிகள் சந்தையிலிருந்து மறைந்தபோது தமிழில் நீண்ட உரைநடை எழுதும் பழக்கமும் கூடவே மறைந்துபோயிற்று என்றொரு கருத்து இலக்கிய நண்பர்களிடையே சில காலமாக உலவி வருகிறது. கண்ணாடியைத் தடவுகிறவனுக்கு மூன்று வரிக்குமேல் எழுத வராது. விரலுக்கடியில் விசை அமுங்குகிற அந்தச் சிறு எதிர்ப்பு இருந்தால்தான் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். ஆகவே பழைய ஸ்லைடர்கள் திரும்பி வரவேண்டும் என்று வாதம் போகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பேனா போய்த் தட்டச்சு வந்தபோது பேனாவுக்காகவும், தட்டச்சு போய்க் கணினி வந்தபோது தட்டச்சுக்காகவும் அழுத மரபு நமக்கு உண்டு. அதன் தொடர்ச்சி என்று சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் இம்முறை அப்படிக் கடக்க நமக்கு மனமில்லை. அந்தக் கருவியின் சிறப்புகளை நண்பர்கள் சொல்வதைக் காட்டிலும் கூடுதலாகவே சொல்ல நாம் ஆயத்தமாக இருக்கிறோம். ஆயினும் அவர்களுடைய தராசில் ஒரு படிக்கல் குறைகிறது. அந்தப் பலகையில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்து யாருடையது என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை.

இளைய வாசகர்களின் பொருட்டுச் சற்று விளக்கம் வேண்டும். மூடியிருக்கையில் அது சாதாரணத் தொடுதிரைக் கைபேசி. கட்டைவிரலால் திரையை ஒருபுறம் தள்ளினால் அடியிலிருந்து தட்டச்சுப்பொறியின் குழந்தை போல ஒரு பலகை வெளிவரும். முதல் ஆண்ட்ராய்டு கைபேசியே இவ்வகைதான்: 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எச்.டி.சி. டிரீம். ஐந்து வரிசை விசைகள். 2009 ஏப்ரலில் 'கப்கேக்' பதிப்பு வெளியாகும்வரை அதில் திரைவிசைப்பலகை என்பதே கிடையாது. ஒற்றைச் சொல்லைத் தேடுவதற்கும் திரையைத் தள்ளித் திறந்தாகவேண்டும். 2009-இன் நடுவில் நோக்கியா என்97 வந்தது. மூன்றே வரிசை, இடைவெளி விசையை நடுவில் வைக்காமல் வலப்புறம் ஒதுக்கியிருந்தார்கள். அவ்வாண்டின் இறுதியில் மோட்டோரோலா டிராய்டும் நோக்கியா என்900-உம், 2011 தொடக்கத்தில் நான்கு வரிசையோடு நோக்கியா இ7-உம் வந்தன. பெரிய நிறுவனங்களின் கடைசி முயற்சி என்று 2015 நவம்பரில் வந்த பிளாக்பெரி பிரிவ்-ஐச் சொல்லலாம். 2016 சனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 62,990 ரூபாய். காஞ்சிபுரத்துக்காரர்கள் அந்தத் தொகையைக் கேட்டதும் அதில் எத்தனை முகூர்த்தப் பட்டு எடுக்கலாம் என்றுதான் கணக்குப் போட்டார்கள்.

சிறப்புகளுக்கு வருவோம். முதலாவது, விரலுக்குக் கண் வேண்டியதில்லை. ஒரு விசையின் ஓரம் எங்கே முடிகிறது, அடுத்ததன் ஓரம் எங்கே தொடங்குகிறது என்பதை விரல்நுனியே அறியும். கண் திரையிலுள்ள வாக்கியத்தில் இருக்கும். கை தன் வேலையைப் பார்க்கும். கணினி விசைப்பலகையில் இரண்டு விசைகளின்மேல் சிறு மேடு இருப்பதைப் பலரும் கவனித்திருப்பர். இடக்கை ஆட்காட்டி விரலும் வலக்கை ஆட்காட்டி விரலும் வந்து அமரவேண்டிய இடம் அது. தமிழ்99 அமைப்பில் அந்த இரண்டு மேடுகளின்மேலும் இருப்பவை புள்ளியும் பகரமும். மெய்யெழுத்தை மெய்யாக்கும் புள்ளி விரலின் வீட்டிலேயே இருக்கிறது என்பதை எண்ணி நாம் பலமுறை மகிழ்ந்ததுண்டு. (இத்தகைய அற்ப மகிழ்ச்சிகள் தமிழாசிரியர்களுக்கு உரியவை, பொறுத்தருள்க.) பார்வையற்ற மாணவர்களுக்கு இந்த மேடு வெறும் வசதி மட்டுமன்று. திரையைத் தொட்டு, கருவி வாசித்துச் சொல்வதைக் கேட்டு, மீண்டும் தொட்டு ஓர் எழுத்தை உறுதிசெய்வதற்கும், விரலை வைத்ததும் இடமறிவதற்கும் உள்ள தொலைவை அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

இரண்டாவது சிறப்பு, திரை முழுவதும் எழுதுபவனுக்கே கிடைத்தது. இன்றைய கைபேசியில் விசைப்பலகை மேலெழுந்தால் திரையின் கீழ்ப்பாதி போய்விடுகிறது. எழுதிய பத்தியின் தலை மறைந்து வால் மட்டும் தெரிகிறது. பத்தியைப் பார்க்காமல் பத்தி எழுதுவது எப்படி? நீண்ட உரைநடை குறைந்ததற்குக் கண்ணாடியின் வழுவழுப்பைக் காட்டிலும் இந்தப் பாதித்திரைதான் பெரிய காரணம் என்பது நம் எண்ணம். மூன்றாவது சிறப்பைச் சிலர் நகைக்கக்கூடும்: திறத்தல். படிக்கும்போது மூடியும் எழுதும்போது திறந்தும் இருக்கிற ஒரு பொருள், எழுதுதல் என்பது வேறு செயல் என்று கைக்குச் சொல்லித் தந்தது. நான்காவதைத் தொழிலாளர் ஊரில் வாழ்கிறவர்கள்தாம் அறிவர். வாலாஜாபாத்தை அடுத்த ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கத்தில் பட்டு நெய்கிறவர்களின் விரல்நுனி இழையோடு உரசி உரசிக் காய்த்துப்போனது. இன்றைய தொடுதிரை மனிதத் தோலின் மின்கடத்தலை நம்பி இயங்குவது. காய்த்த தோலையும் ஈரக் கையையும் அது பலசமயம் விரலாகவே மதிப்பதில்லை. விசைக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. அழுத்தினால் அமுங்கும்.

குறைகளையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தடிமன் முதற்குறை. என்97 கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். சட்டைப்பையில் போட்டால் தீப்பெட்டி இரண்டை அடுக்கி வைத்தது போலிருக்கும். அடுத்தது, நகரும் உறுப்பு தேயும் என்கிற இயற்கை விதி. திரையையும் பலகையையும் இணைப்பது மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள் ஒன்று. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது மடிந்து விரியும். நம் துறைத் தோழர் ஒருவர் அத்தகைய கைபேசியொன்றை வைத்திருந்தார். இரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நூல் மதிப்புரைகளைத் தமிழ் ஒலிப்பில் ஆங்கில எழுத்தால் தட்டி, தமக்கே மின்னஞ்சல் அனுப்பி, இரவில் வீட்டுக் கணினியில் மாற்றி ஒன்றிலிட்டுத் தமிழாக்குவார். ஓராண்டு கடந்ததும் கீழ்வரிசையின் இடப்பக்க விசைகள் உயிரிழந்தன. அவற்றுள் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தும் ஒன்று. அவருடைய மாற்றியில் ழகரம் வருவது அந்த எழுத்தால்தான். அதற்குப்பின் இரண்டு மாதம் அவருடைய மதிப்புரைகளில் எல்லாரும் 'தமிள்' நூல்களையே எளுதிக்கொண்டிருந்தார்கள். பழுது பார்ப்பவர் உதிரிப்பாகம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாம் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நிற்க. தடிமன், எடை, கீல், கேபிள் ஆகியவற்றை மதிப்புரையாளர்கள் அந்நாளிலேயே அலசிவிட்டார்கள். அவர்கள் அலசாததை இனிப் பார்க்கலாம்.

தமிழுக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. உயிர்மெய் 216-ஐயும் சேர்த்தால் 247. இத்தனைக்கும் விசை வேண்டியதில்லை என்பதைத் தமிழ்99 தெளிவாகக் காட்டிவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. இடக்கையின் ஆட்காட்டி விரலடியில் புள்ளி. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் தானே பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன் தலையில் புள்ளி தானே அமரும். ஙகரத்தை அடுத்துக் ககரம், ஞகரத்தை அடுத்துச் சகரம் என்று இனவெழுத்து வந்தாலும் அப்படியே. நன்னூல் படித்தவன் வடிவமைத்தது போலிருக்கும். 'தமிழ்' என்று எழுதத் தமிழ்99-இல் ஐந்து தட்டு போதும். நம் தோழர் கையாண்டது போன்ற முறையை விட்டு, பரவலான ஆங்கில ஒலிப்பெயர்ப்பு முறையில் எழுதினால் ஏழு தட்டு.

ஆகத் தேவைப்படும் விசைகள்: உயிர் 12, மெய் 18, புள்ளி 1. மொத்தம் 31. ஆங்கில எழுத்துகள் 26. மிஞ்சிய ஐந்தைத் தமிழ்99 எங்கே வைத்தது? கணினிப் பலகையின் வலதோரத்தில் நிறுத்தக்குறிகள் இருக்குமிடத்தில். அரைப்புள்ளி விசையில் நகரம், மேற்கோள் விசையில் யகரம், இரண்டு சதுர அடைப்புகளில் சகரமும் ஞகரமும், சாய்கோட்டில் ழகரம். கணினியில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. நகர்விசைப்பலகைக் கைபேசிக்கு வாருங்கள். அகலம் குறைவு, ஆகவே வடிவமைப்பாளர் முதலில் வெட்டி எறிந்தது அந்த வலதோரத்தைத்தான். அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளியும் எழுத்துகளின் முதுகில் ஏறிக்கொண்டன. வேறொரு விசையைச் சேர்த்து அழுத்தினால் மட்டும் வெளிப்படும். ஆங்கிலம் எழுதுபவனுக்கு அடைப்புக்குறி அரிதாகத் தேவைப்படுவது. ஓரம் போனதில் அவனுக்கு இழப்பில்லை. தமிழனுக்கோ ந, ய, ச, ஞ, ழ ஐந்தும் அந்த ஓரத்தோடு போயின. 'நான்' என்று தொடங்க முடியாது. 'சொல்' என்று சொல்ல முடியாது. மொழியின் பெயரை முடிக்க முடியாது. நண்பர்கள் எந்தப் பலகையின் இழப்பால் தமிழ் உரைநடை நலிந்தது என்கிறார்களோ அந்தப் பலகை தமிழ் எழுதுவதற்கு ஒருநாளும் அமைந்ததில்லை.

இடம் போதவில்லை, என்ன செய்வது என்று ஒருவர் சமாதானம் சொல்லக்கூடும். அந்தச் சமாதானம் நில்லாது. உருசிய மொழிக்கு 33 எழுத்து. தமிழுக்குத் தேவையானதைவிட இரண்டு அதிகம். என்97-உம் இ7-உம் உருசிய எழுத்துப் பொறித்த பலகையோடு உருசியாவிலும், அரபு எழுத்துப் பொறித்த பலகையோடு அரபு நாடுகளிலும் விற்கப்பட்டன. 33-க்கு இடம் கண்டவர்களுக்கு 31-க்கு இடம் காண்பதா கடினம்? இன்னும் கேளுங்கள். 2019-இல் இலண்டனைச் சேர்ந்த எஃப்.எக்ஸ்.டெக் என்ற சிறு நிறுவனம் புரோ1 என்றொரு நகர்விசைப்பலகைக் கைபேசியைக் கொண்டுவந்தது. ஜெர்மானியர் பலகையில் ஒய், இசட் ஆகிய இரண்டெழுத்தும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று இருக்கும். பெரும்பாலும் இந்த ஒரு வழக்கத்தை மதித்து அந்தச் சிறு நிறுவனம் தனிப் பலகை வார்த்துக் கொடுத்தது. நாம் பெயர் சொன்ன ஸ்லைடர்களில் ஒன்றேனும் தமிழெழுத்தோடு கடைக்கு வரவில்லை.

எழுத்து வளர்வதற்கு விசையின் தொடுசுகம் காரணமா, விசையின் மேலுள்ள எழுத்து காரணமா என்பதற்கு ஜப்பான் நல்ல சான்று. அங்கே கைபேசி நாவல் என்றொரு வகை தோன்றியது. 2007-இல் அந்நாட்டில் மிகுதியாக விற்ற பத்து நாவல்களில் ஐந்து அவ்வாறு கைபேசியில் பிறந்தவை. இலக்கியத் தரம் பற்றி ஜப்பானியத் திறனாய்வாளர்கள் முகம் சுளித்தார்கள். அது வேறு வழக்கு. நாவல் நாவலாக எழுதித் தள்ளிய அந்த இளம்பெண்கள் கையாண்டது எந்தக் கைபேசி? நகரும் பலகையும் இல்லை, இருபத்தாறு விசையும் இல்லை. சாதாரணப் பன்னிரு எண்விசைக் கைபேசி. ஆனால் அந்த எண்களின் பக்கத்தில் ஜப்பானியக் கானா எழுத்து அச்சிடப்பட்டிருந்தது. விசை பன்னிரண்டேயானாலும் எழுத்து தன்னுடையதாக இருந்தால் நாவல் வரும்.

நம்மிடம் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ஆர். முத்தையா, கணினியின் நிழல்கூட விழாத காலத்தில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தார். ஆங்கிலப் பொறியின் உடலுக்குள் 247 எழுத்தையும் நுழைப்பது எப்படி என்பது அவர் முன்னிருந்த கேள்வி. எழுத்தை உறுப்புறுப்பாகப் பிரித்தார். புள்ளியும் மேல்விலங்கும் தட்டும்போது தாளுருளை நகராமல் நிற்கும்படி நகரா விசைகளை அமைத்தார். குறியும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஜெர்மனியில் அதை வார்க்கச் செய்தார். பொறி உங்களுக்கு ஏற்றதன்று, நீங்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பழகிக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தட்டச்சுப் பயிலகங்களில் தமிழ் கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகளுக்கு இன்றும் மாணவர்கள் அந்த வழிவந்த பலகையில்தான் பயில்கிறார்கள். எழுத்தர் வேலைக்காகத்தான் பயில்கிறார்கள் என்றாலும், ழகரம் எந்த விரலில் இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்.

தனிமனிதர் ஒருவர் செய்ததை, மாநாடுகள் நடத்திய சமூகம் ஏன் செய்யவில்லை? கோவையில் 2010 சூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே தமிழ் இணைய மாநாடும். ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது அந்தச் சமயத்தில்தான், நல்ல காரியம். அதே மாதத்தில் கடைகளின் கண்ணாடிப் பேழைக்குள் என்97 அமர்ந்திருந்தது, ஆங்கில எழுத்தோடு. அதை வார்த்த நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது. வாலாஜாபாத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். 2006 தொடங்கி 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நிறுத்தப்படும்வரை, நம் சுற்றுவட்டார ஊர்களின் பெண்கள் விடியற்காலைக் கம்பெனிப் பேருந்தில் ஏறிப் போய்க் கோடிக்கணக்கான கைபேசிகளைக் கோத்துப் பெட்டியிலிட்டார்கள். அங்கே உருவானவற்றுள் பெரும்பான்மை விலை குறைந்த எளிய கைபேசிகளே. ஸ்லைடர்களை அவர்கள்தாம் செய்தார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அரசோடு ஒப்பந்தம் போட்டு, நிலமும் வரிச்சலுகையும் பெற்று இந்த மண்ணில் அமர்ந்த நிறுவனத்திடம், எங்கள் எழுத்தையும் விசையில் பொறியுங்கள் என்று வற்புறுத்தும் நிலையில் ஓர் அரசு இருந்தது, தமிழ்த்துறைகள் இருந்தன, பதிப்புலகம் இருந்தது. உருசியச் சந்தை வற்புறுத்தாமலே பெற்றது. இங்கே கேட்கவே ஆளில்லை. கேட்டுக் கிடைக்காமற் போயிருந்தால் அதற்காக நாமும் நண்பர்களோடு சேர்ந்து அழலாம்.

எழுதுவது இருக்கட்டும், அந்தக் கைபேசிகளில் தமிழைப் படிக்கவாவது முடிந்ததா? 2009, 2010 வாக்கில் கைபேசியில் தமிழ்த் தளங்களைப் படிக்க முயன்றவர்கள் கட்டங்களைப் பார்த்த நினைவை மறந்திருக்கமாட்டார்கள். ஓபரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் அதன் அமைப்புப் பக்கத்தை வரவழைத்து, சிக்கலான எழுத்துருக்களைப் படமாகக் காட்டு என்கிற கடைசி வரியில் 'ஆம்' என்று மாற்றினால் தமிழ் தெரியும். இரகசிய மந்திரம் போல இது நண்பர்களிடையே பரவியது. நடந்தது என்ன? வெளிநாட்டு வழங்கி ஒன்று தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பியது. கைபேசி அதை ஒளிப்படம் போலக் காட்டியது. எழுத்தாக இருந்த மொழி படமாக வந்து சேர்ந்தது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்யின் வலப்பக்கம் விழுந்து, புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு நின்ற கோலத்தையும் அப்போது கண்டோம். இந்தக் காலத்தைத்தான் நண்பர்கள் பொற்காலம் என்கிறார்கள்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். 2007 சனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், அன்றைய விசைக் கைபேசிகள் மீது வைத்த குற்றச்சாட்டு இது: தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் விசைகள் அங்கேயே கிடக்கின்றன, நாளைக்கு ஒரு புதிய எண்ணம் தோன்றினால் விற்றுவிட்ட கருவியில் ஒரு பொத்தானைச் சேர்க்க வழியில்லை. அவர் மனத்தில் தமிழ் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் தமிழ் போன்று சந்தையில் குரலற்ற மொழிகளின் சார்பில் சொல்லப்பட்ட மிகச் சிறந்த வாதம் அதுவே. வார்த்த விசை மாறாது. வரைந்த விசை மாறும். கண்ணாடியில் 31 விசை வேண்டுமா, 31 வரையலாம். அடுத்த நிமிடமே அதை அழித்து வேறொன்றை வரையலாம்.

வரைந்தது யார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். கண்ணாடி தானாக எதையும் தந்துவிடவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. எண்விசைக் கைபேசியிலேயே தமிழில் குறுஞ்செய்தி எழுதுவதற்கு அது வழி செய்தது. ஐபோனின் இயங்குதளத்தோடு தமிழ் விசைப்பலகை சேர்ந்து வந்தது 2013-இல், ஏழாம் பதிப்பில். முதல் ஐபோனுக்கு ஆறாண்டு கழித்து. விரலால் எழுதினால் எழுத்தாக மாற்றிக்கொள்ளும் கூகுளின் கையெழுத்துச் செயலி 2015-இல் தமிழையும் ஏற்றது. பேசினால் எழுதும் வசதி 2017-இல் வந்தது. இடையில் 2016-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமொன்றைக் காட்டி, கைபேசிகள் இந்திய ஆட்சிமொழிகள் 22-ஐயும் படிக்கக் காட்டவேண்டும், ஆங்கிலமும் இந்தியும் போக இன்னுமொரு மொழியிலேனும் எழுத இடம்தரவேண்டும் என்று நடுவண் அரசு விதித்தது. அதற்குள் ஸ்லைடர்கள் கடையை விட்டே போய்விட்டன.

கண்ணாடியின் பக்கம் நின்று பேசுவதால் அதன் குறைகளுக்கு நாம் காவலிருப்பதாக நினைக்கவேண்டாம். எழுதும்போது விசைகளுக்கு மேலே மூன்று சொற்களை ஏந்தி நிற்கிறதே ஒரு பட்டை, அதைப்போல உரைநடைக்குக் கேடு வேறில்லை. மாணவர் ஒப்படைப்புகளைத் திருத்துகையில் ஒரே எழுத்தில் தொடங்கும் வேறு சொல் வந்து உட்கார்ந்திருக்கும். 'மருதம்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'மருந்து' இருக்கும். ஐந்திணையும் மருந்துக்கடை ஆகிவிடும். பிழையைக்கூட மன்னிக்கலாம். சொல்லைத் தேடுவதற்குமுன் சொல் வந்து நிற்பதால், தேடும் வழக்கமே குன்றுவதை எப்படி மன்னிப்பது? விசைப்பலகைக் கைபேசியில் எழுதுபவன் தன் சொல்லைத் தானே முழுவதும் தட்டினான் என்று நண்பர்கள் சொல்லும்போது நம்மிடம் மறுப்பில்லை. பாதித்திரைக் குறையை முன்பே சொன்னோம்.

இருந்தும் அவர்களோடு உடன்பட முடியாததற்குக் கடைசியானதும் கடுமையானதுமான காரணம் ஒன்று உண்டு. வகுப்பிலுள்ள மாணவர்களின் கைபேசியை வாங்கிப் பாருங்கள். தமிழ் விசைப்பலகை உள்ளே இருக்கும். 247 எழுத்தும் இருக்கும். ஆனால் தோழிக்கு எழுதும் செய்தி மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கும். 'சாப்பிட்டாயா' என்பதை ஆங்கிலத்தில் தட்டி ஆங்கிலத்திலேயே அனுப்புகிறார்கள், மாற்றிகூட வேண்டியதில்லை. தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்களும் இதற்கு விலக்கல்லர். ஏனென்று கேட்டால், 'தமிழில் அடிக்க நேரமாகும் ஐயா' என்கிறார்கள். ஐந்து தட்டா ஏழு தட்டா என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால் வியக்கிறார்கள். மறுநாளும் ஆங்கிலத்தில்தான் தட்டுகிறார்கள். இந்தப் பழக்கம் கண்ணாடி கற்றுத் தந்ததன்று. ஆங்கிலம் மட்டும் பொறித்த விசைகளில், எண்விசையானாலும் நகர்விசையானாலும், ஒரு தலைமுறை தமிழை எழுதிப் பழகிற்று. அவர்கள் தம்பி தங்கையருக்கு எழுதினார்கள். தம்பி தங்கையர் அப்படியே திருப்பி எழுதினார்கள். பிளாஸ்டிக் விசைகள் குப்பைக்குப் போனபின்னும் அவற்றின்மேலிருந்த இருபத்தாறு எழுத்து மட்டும் கண்ணாடிக்குள் குடிபெயர்ந்துவிட்டது. ந, ன, ண வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் விடைத்தாள்களில் குழம்புவதற்கு ஒலிப்புச் சோம்பல் ஒரு காரணம் என்றால், மூன்றையும் ஒரே ஆங்கில எழுத்தால் எழுதும் கை இன்னொரு காரணம்.

இந்த நிலையில் அதே பலகையை அதே எழுத்தோடு திரும்பக் கேட்பவர்களிடம் நாம் என்ன சொல்வது? கேட்பது வீண்கனவும் இல்லை; அது திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. 2024 சனவரியில் கிளிக்ஸ் என்ற பெயரில் ஐபோனுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும் விசைப்பலகை உறை அறிவிக்கப்பட்டது. நகர்வதில்லை என்பதைத் தவிர, நண்பர்கள் விரும்பும் எல்லாமும் அதில் உண்டு: அமுங்கும் விசை, மறையாத திரை. அதை மாட்டிக்கொள்ளும் ஐபோன்கள் ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகின்றன. வாலாஜாபாத்துச் சாலையில் விடியற்காலைப் பேருந்துகள் மீண்டும் ஓடுகின்றன. விசைகளின்மேல் ஆங்கில எழுத்து.

கணினிக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் பொறித்த பலகைகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஆகத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. தமிழுக்கு வேண்டியது வலதோரத்தில் ஐந்து விசை. அந்த ஐந்தோடு ஒரு பலகை வருமானால், தடிமனாக இருந்தாலும், கேபிள் ஓராண்டில் தேய்ந்தாலும், விலைக்கு வாங்கும் முதல் ஆட்களில் நாமும் இருப்போம். நம் துறைத் தோழரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். அதுவரையில் ஸ்லைடரின் மறைவுக்கு இரங்கல் எழுதும் நண்பர்கள், அந்த இரங்கலில் 'தமிழ் உரைநடை' என்ற இரண்டு சொற்களை நீக்கிவிட்டு எழுதட்டும். ஆங்கில உரைநடைக்கு அது இழப்பாக இருந்திருக்கலாம்; அதை அந்த மொழிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.